ஐந்து மதிப்பெண் கேள்வியும் தாது வருஷப் பஞ்சமும்

"இந்தியாவின் காலநிலையைப் பாதிக்கும் காரணிகள் யாவை?" பள்ளியில் புவியியல் படித்த எவரும் இந்தக் கேள்வியிடமிருந்து தப்பியிருக்க முடியாது. அட்சரேகை, உயரம், கடலிலிருந்து உள்ள தூரம், மலைகள், பருவக்காற்று, கடைசியில் ஜெட் காற்று. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதி, ஓரத்தில் நாலு முக்கோணம் போட்டு அதுதான் இமயமலை என்று அம்புக்குறி இட்டுவிட்டால் ஐந்துக்கு நாலு நிச்சயம்.

அந்தப் பட்டியலைப் படிக்கும்போது இதெல்லாம் மனிதனுக்கு ஆதியிலிருந்தே தெரிந்த விஷயம் போலத் தோன்றும். அப்படி இல்லை. அதில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் ஒரு பிறந்த வருடம் உண்டு. பல வரிகள் ஒரு பஞ்சத்துக்குப் பிறகு, "மழை ஏன் வரவில்லை?" என்று யாரோ கேட்க வேண்டி வந்ததால் எழுதப்பட்டவை. அந்தக் கேள்வியை மிகக் கடுமையாகக் கேட்க வைத்தது 1876-78 பஞ்சம். நம் பக்கத்தில் இதைத் தாது வருஷப் பஞ்சம் என்பார்கள், தாது என்ற தமிழ் வருடத்தில் தொடங்கியதால். அதைப் பற்றிக் கும்மிப் பாட்டுகள் கூட உண்டு.

முதலில் கொஞ்சம் பின்னால் போவோம். பருவக்காற்று வீசும் என்பது மாலுமிகளுக்கு இரண்டாயிரம் வருடமாகத் தெரியும். அதை நம்பித்தான் ரோமக் கப்பல்கள் முசிறிக்கு வந்து மிளகு ஏற்றிப் போயின. 'மான்சூன்' என்ற சொல்லே பருவம் என்று பொருள்படும் 'மவ்சிம்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்ததுதான். ஆனால் ஏன் வீசுகிறது என்று எழுதியவர் எட்மண்ட் ஹாலி. ஆமாம், வால்நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்த அதே ஹாலி! 1686ல் அவர் வெளியிட்ட கட்டுரையில் கடல் காற்றுகளின் வரைபடமும் இருந்தது. கோடையில் நிலம் சூடாகிறது, மேலே உள்ள காற்று லேசாகி எழுகிறது, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று வருகிறது என்றார். நாம் பரீட்சையில் இன்றும் எழுதுவது ஏறக்குறைய இதைத்தான். 1735ல் ஜார்ஜ் ஹாட்லி (படிப்பால் வக்கீல்!) பூமியின் சுழற்சியைச் சேர்த்துக்கொண்டார். தெற்கிலிருந்து நேராக வடக்கே போக வேண்டிய காற்று நம்மிடம் தென்மேற்காக வந்து சேருவதற்கு இந்தச் சுழற்சிதான் காரணம்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. நிலத்தின் சூடுதான் எல்லாவற்றையும் நடத்துகிறது என்றால், நிலம் மிக அதிகமாகக் கொதிக்கும் மே மாதத்தில் அல்லவா மழை கொட்ட வேண்டும்? மழை பொய்த்த வருடங்களில் நிலம் வழக்கத்தைவிட அதிகமாகச் சுடுகிறதே, அப்போது மழை அதிகம் அல்லவா பெய்ய வேண்டும்? 1921ல் ஜார்ஜ் சிம்சன் இதைச் சுட்டிக்காட்டினார். பள்ளிப் புத்தகங்கள் இந்தக் கேள்வியைத் தொடுவதில்லை. இப்போது பல விஞ்ஞானிகள் பருவமழையை ஒரு ராட்சதக் கடற்காற்றாகப் பார்ப்பதில்லை. பூமத்திய ரேகையை ஒட்டி உலகைச் சுற்றிக் கிடக்கும் மழை மேகப் பட்டை, சூரியனின் பின்னால் வடக்கே ஏறி நம் நாட்டின் மேல் வந்து நிற்பதாகவே பார்க்கிறார்கள். சுலோசனா காட்கில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். நிலம் சூடாவது அந்தப் பட்டையை இழுப்பதற்குத் தேவை, ஆனால் மழையின் அளவை அது மட்டும் தீர்மானிப்பதில்லை.

ஹாலிக்கும் ஹாட்லிக்கும் இன்னொரு குறை. பருவமழை ஏன் வருகிறது என்று அவர்கள் சொன்னார்கள். ஏன் சில வருடம் வராமல் போகிறது என்று அவர்கள் கேட்கவே இல்லை. லண்டனில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்தக் கேள்வி எழ வேண்டிய அவசியமும் இல்லை.

இந்தியாவில் அது எழுந்தது. 1864ல் கல்கத்தாவைப் பெரும் புயல் தாக்கியது. 1866ல் ஒரிசாவில் பஞ்சம். நாடு முழுவதும் வானிலையைக் கவனிக்க ஒரு துறை வேண்டும் என்று முடிவாகி 1875ல் இந்திய வானிலைத் துறை தொடங்கப்பட்டது. அதன் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்ட். பாவம், நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வருடம் ஆவதற்குள் 1876 வந்தது.

அந்த வருடம் தக்காணத்தில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. சென்னை மாகாணத்தில் வடகிழக்குப் பருவமழையும் ஏமாற்றியது. அடுத்த வருடம் இன்னும் மோசம். இந்தியா முழுவதற்குமான மழைக் கணக்கு 1871 முதல் தொடர்ச்சியாக இருக்கிறது. அந்த நீண்ட வரிசையில் தென்மேற்குப் பருவமழை மிகக் குறைவாகப் பெய்த வருடம் 1877தான். பஞ்சத்தில் இறந்தவர்கள் பிரிட்டிஷ் பகுதிகளில் மட்டும் சுமார் 55 லட்சம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. சமஸ்தானங்களையும் சேர்த்து 82 லட்சம் வரை சொல்பவர்கள் உண்டு. 1871 கணக்கெடுப்பில் சுமார் 3.12 கோடியாக இருந்த சென்னை மாகாணத்தின் மக்கள் தொகை பத்து வருடம் கழித்து 3.08 கோடியாகக் குறைந்திருந்தது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். மழை இல்லை, அதனால் விளைச்சல் இல்லை, அதனால் சாவு என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போவதுதான் வழக்கம். ஆனால் இதற்கு மூன்றே வருடம் முன்பு, 1873-74ல், பீகாரிலும் மழை பொய்த்தது. அங்கே நிவாரணத்தைக் கவனித்தவர் சர் ரிச்சர்ட் டெம்பிள். பர்மாவிலிருந்து அரிசியைக் கப்பல் கப்பலாக வரவழைத்துக் கொடுத்தார். பட்டினிச் சாவு மிகச் சொற்பம். அதற்காக அவருக்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? அரசாங்கப் பணத்தை வாரி இறைத்துவிட்டார் என்ற திட்டு!

1877ன் தொடக்கத்தில் அதே டெம்பிளைத்தான் வைஸ்ராய் லிட்டன் தெற்கே அனுப்பினார், இந்த முறை செலவைக் குறைக்க. டெம்பிள் பாடத்தை நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தார். நிவாரண வேலைக்கு வரும் ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று விதித்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. கல்லுடைப்பதும் மண் சுமப்பதும்தான் வேலை. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், இந்த அளவில் உழைக்கும் மனிதன் உயிர் பிழைக்க முடியாது என்று சண்டை போட்டார். சில மாதங்களில் கூலி உயர்த்தப்பட்டது. அந்தச் சில மாதங்களில் எத்தனை பேர் போனார்களோ.

தானியம் இல்லாமலும் இல்லை. சென்னைக் கடற்கரையில் தானிய மூட்டைகள் மலை மலையாகக் குவிந்திருக்கும் அக்காலப் படங்கள் இன்றும் காணக் கிடைக்கின்றன. இந்தியாவிலிருந்து கோதுமை இங்கிலாந்துக்குப் போவது அந்த வருடங்களிலும் நிற்கவில்லை. விலைதான் ஏழைக்கு எட்டவில்லை. சந்தையில் அரசாங்கம் கை வைக்கக் கூடாது என்பது லிட்டனின் கொள்கை. 1877 ஜனவரி 1 அன்று டெல்லியில் விக்டோரியா மகாராணியை இந்தியாவின் பேரரசியாக அறிவித்துப் பெரிய தர்பார் நடந்தது. தெற்கே பஞ்சம் பரவிக்கொண்டிருந்த அதே நாட்கள். மாயூரத்தில் வேதநாயகம் பிள்ளை ('பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதியவர்) சொந்தப் பணத்தில் கஞ்சி ஊற்றினார் என்பதை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். பிழைக்க வழியில்லாமல் கூட்டம் கூட்டமாக இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குப் போனவர்கள் வேறு. பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி இந்தப் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டதுதான். 1877 கடைசியில் மழை திரும்பிய பிறகும் சாவு உடனே நிற்கவில்லை. எலும்பும் தோலுமாக இருந்தவர்களை மலேரியாக் காய்ச்சல் கொண்டுபோனது.

இந்தச் சமயத்தில்தான் ஒரு விசித்திரமான 'காரணி' வந்து சேர்ந்தது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் ஒரு வானாய்வகம் இருந்தது. அங்கே 1813லிருந்து மழைக் கணக்கு எழுதி வைத்திருந்தார்கள். இந்திய அரசின் புள்ளிவிவரத் துறைத் தலைவர் வில்லியம் ஹண்டர் 1877ல் அந்தக் கணக்கை எடுத்துச் சூரியப் புள்ளிகளின் பதினோரு வருடச் சுழற்சியோடு பொருத்திப் பார்த்தார். சூரியனில் புள்ளிகள் குறையும்போது சென்னையில் மழையும் குறைகிறது என்றார். வானியலாளர் நார்மன் லாக்கியரும் அவரும் சேர்ந்து 'சூரியப் புள்ளிகளும் பஞ்சங்களும்' என்று ஒரு கட்டுரையும் எழுதினார்கள். அது பெரிய பேச்சானது. பிற்காலத்தில் கணக்கை நீட்டிப் பார்த்தபோது அந்தத் தொடர்பு நிலைக்கவில்லை.

ஹண்டர் கெட்ட எண்ணத்தில் எழுதினார் என்று நான் சொல்லவில்லை. கையில் இருந்த தரவை வைத்து நேர்மையாகவே முயன்றிருக்கிறார். ஆனால் பஞ்சத்துக்குக் காரணம் ஒன்பது கோடி மைலுக்கு அப்பால் இருந்தால் கல்கத்தாவில் யாருக்கும் பொறுப்பில்லை, இல்லையா? எவ்வளவு வசதி!

பிளான்ஃபோர்ட் வேறு பக்கம் தேடினார். அவர் கவனித்தது இரண்டு விஷயங்கள். ஒன்று, பஞ்ச வருடங்களில் காற்றழுத்தம் இந்தியாவில் மட்டுமல்ல, ஆசியாவின் பெரும்பகுதியிலும் ஆஸ்திரேலியாவிலும் கூட வழக்கத்தைவிட அதிகமாக இருந்தது. இது எவ்வளவு பெரிய தடயம் என்பது அப்போது யாருக்கும் புரியவில்லை. இரண்டாவது, இமயமலையில் பனி அதிகமாகப் பெய்த வருடங்களில் அடுத்து வரும் பருவமழை குறைகிறது. 1884ல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். பனி கிடந்தால் நிலம் சூடாகத் தாமதமாகும், வறண்ட காற்று சமவெளிக்கு இறங்கும் என்பது அவர் கணிப்பு. பஞ்சத்துக்குப் பிறகு மழையை முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று அரசாங்கம் கேட்டுக்கொண்டிருந்தது. 1882 முதல் சோதனையாகச் சொல்லிப் பார்த்தவர், 1886 ஜூன் 4 அன்று முதல் அதிகாரபூர்வ முன்னறிவிப்பை வெளியிட்டார். வருடா வருடம் பருவமழை முன்னறிவிப்பு என்று டிவியில் சொல்கிறார்களே, அதன் தொடக்கம் அதுதான்.

அவருக்குப் பின் வந்த ஜான் எலியட், பனியோடு தென் இந்தியப் பெருங்கடல் காற்றுகளையும் சேர்த்துக் கணித்தார். ஆனால் 1899ல் மழை பொய்த்து மீண்டும் கொடும் பஞ்சம் வந்தபோது முன்னறிவிப்பு கைகொடுக்கவில்லை. பத்திரிகைகள் கிழித்தன.

1904ல் பொறுப்பேற்ற கில்பர்ட் வாக்கர் ஒரு கணித மேதை. கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் முதல் இடம் பெற்றவர், பூமராங் எப்படிப் பறக்கிறது என்று ஆராய்ந்தவர், வானிலையில் மட்டும் அனுபவம் கிடையாது! அவர் செய்தது எளிமையாகச் சொன்னால் இதுதான். எந்தக் கோட்பாட்டையும் நம்ப வேண்டாம். உலகெங்கும் உள்ள நிலையங்களிலிருந்து அழுத்தம், வெப்பம், மழைக் கணக்குகளை வாங்கி, எது எதோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று எண்களிடமே கேட்போம். கம்ப்யூட்டர் கிடையாது. இந்தியக் குமாஸ்தாக்கள் கையால் கணக்குப் போட்டார்கள். 1909ல் அவர் முன்னறிவிப்புக்குப் பயன்படுத்திய காரணிகள் இமயப் பனி, மொரீஷியஸ் காற்றழுத்தம், தென் அமெரிக்கக் காற்றழுத்தம், ஜான்ஜிபார் மழை. தென் அமெரிக்காவுக்கும் தக்காணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அன்று சிரித்திருப்பார்கள். ஆனால் அந்த எண்களிலிருந்துதான் பெரிய விஷயம் வெளிவந்தது. பசிபிக் பெருங்கடல் பக்கம் அழுத்தம் ஏறும்போது இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது, அங்கே இறங்கினால் இங்கே ஏறுகிறது. ஒரு பிரம்மாண்டமான சீசா! 1924ல் அதற்குத் 'தெற்கத்திய ஊசலாட்டம்' என்று பெயர் வைத்தார்.

ஆனால் அவர் கேட்டு வந்த வரம் கிடைக்கவில்லை. இந்த ஊசலாட்டம் பருவமழைக்கு முன்னால் இருப்பதை விட, பருவமழைக்குப் பின்னால் வருவதோடுதான் நன்றாகப் பொருந்தியது. அதாவது இந்தியாவில் மழை எப்படி என்று தெரிந்தால் பின்னால் வேறு ஊரில் என்ன நடக்கும் என்று ஓரளவு சொல்லலாம். இந்திய விவசாயிக்கு அதனால் என்ன லாபம்? ஏன் இப்படி ஊசலாடுகிறது என்பதற்கும் அவரிடம் விளக்கம் இல்லை. 1958ல் அவர் இறந்தபோது இந்த வேலைக்குப் பெரிய எதிர்காலம் இருப்பதாகப் பலர் நினைக்கவில்லை.

அப்போது விஞ்ஞானிகளின் கவனம் மேலே, அதாவது 14 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தது. பலூன்களில் கருவி அனுப்பிப் பார்த்ததில், கோடையில் தென்னிந்தியாவின் மேலே கிழக்கிலிருந்து மேற்காக ஒரு வேகமான காற்றோட்டம் இருப்பதை பி. கோட்டீஸ்வரம் 1958ல் விவரித்தார். நம் பட்டியலில் இருக்கும் 'ஜெட் காற்று' வரியில் பாதி இவருடையது. 1969ல் ஃபிண்ட்லேட்டர், கென்யா, சோமாலியா கரையோரமாகத் தாழ்வாக ஓடி அரபிக்கடலைக் கடந்து நமக்கு ஈரத்தைக் கொண்டுவரும் இன்னொரு ஜெட்டைக் காட்டினார். அந்த ஈரக் காற்றைத்தான் மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துக் கேரளத்தில் கொட்ட வைக்கிறது. மலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் நமக்கு மிச்சம்தான். அதனால்தான் நாம் வடகிழக்குப் பருவத்துக்குக் காத்திருக்கிறோம்.

அதே 1969ல் வாக்கரின் புதிருக்கும் விடை வந்தது. பெரு நாட்டு மீனவர்கள் சில வருடங்களில் கிறிஸ்துமஸ் சமயத்தில் கடல் சூடாகி மீன் குறைவதை 'எல் நினோ', அதாவது குழந்தை இயேசு, என்று அழைத்து வந்தார்கள். இந்தச் சூடு பெருவின் கரையோடு நிற்பதில்லை, பசிபிக்கின் நடுப்பகுதி வரை நீள்கிறது, அது ஏறும்போதுதான் வாக்கரின் சீசா சாய்கிறது என்று ஜேக்கப் பியர்க்னஸ் காட்டினார். வழக்கமாக இந்தோனேசியா பக்கம் காற்று எழுந்து மழையாகும், கிழக்குப் பசிபிக்கில் இறங்கும். எல் நினோ வந்தால் எழும் இடம் கிழக்கே நகர்ந்துவிடும். நம் பக்கத்தில் காற்று இறங்கத் தொடங்கும். இறங்கும் காற்றில் மேகம் கட்டாது. தான் கண்ட அந்தச் சுழற்சிக்கு 'வாக்கர் சுழற்சி' என்றே பெயரும் வைத்தார், நல்ல மனிதர்.

இப்போது பழைய பதிவுகளைத் திரும்பிப் பார்த்தால் 1877-78ல் இருந்தது வரலாற்றிலேயே மிகப் பலமான எல் நினோக்களில் ஒன்று. அதே வருடங்களில் வட சீனாவிலும் பிரேசிலின் வடகிழக்கிலும் லட்சக்கணக்கில் மக்கள் பஞ்சத்தில் மாண்டார்கள். ஆஸ்திரேலியாவிலும் வறட்சி. பிளான்ஃபோர்ட் கையில் இருந்த தடயம் இதுதான்! 1876ல் எல் நினோ இன்னும் முழுதாக வளர்ந்திருக்கவில்லை என்பதால் முதல் வருட வறட்சியை முழுக்க அதன் தலையில் கட்ட முடியாது. 2018ல் வந்த ஒரு ஆய்வு, இந்தியப் பெருங்கடலும் அட்லாண்டிக்கும் கூட அந்த வருடங்களில் விபரீதமாக இருந்ததைக் காட்டுகிறது. எல்லாம் ஒரே நேரத்தில் கூடி வந்திருக்கிறது.

சரி, எல் நினோ என்றால் வறட்சி என்று ஆறாவது வரியாக எழுதிவிடலாமா? 1997ல் நூற்றாண்டின் மிகப் பலமான எல் நினோக்களில் ஒன்று வந்தது. நாடே பயந்தது. மழை இயல்பை விட இரண்டு சதவீதம் அதிகம்! 2002ல் சுமாரான எல் நினோதான். இயல்பான மழை என்றே முன்னறிவிப்பு சொன்னது. ஜூலையில் பாதி மழை காணாமல் போய், பருவம் முடிவில் 19 சதவீதம் குறைவு. 1997ல் காப்பாற்றியது இந்தியப் பெருங்கடல் என்று இப்போது சொல்கிறார்கள். அதன் மேற்குப் பக்கம் சூடாகி, சுமத்ரா பக்கம் குளிர்ந்து கிடந்தால் நமக்கு மழை கூடுகிறது. இந்த 'இருமுனை' நிகழ்வை 1999ல்தான் சாஜி, கோஸ்வாமி, வினயச்சந்திரன், யமகட்டா நால்வரும் அடையாளம் கண்டார்கள்.

பட்டியலின் பழைய வரிகளும் சும்மா இல்லை. திபெத் பீடபூமி சூடாவதுதான் பருவமழையின் இயந்திரம் என்று நெடுநாள் சொல்லி வந்தார்கள். 2010ல் பூஸ், குவாங் இருவரும் கணினி மாதிரியில் திபெத்தை அழித்துவிட்டு இமயமலையை மட்டும் மெல்லிய சுவராக விட்டுப் பார்த்தார்கள். நம் மழை பெரிதாக மாறவில்லை! வடக்கின் குளிர்ந்த வறண்ட காற்றைத் தடுக்கும் சுவராக இருப்பதே இமயத்தின் முக்கிய வேலை என்றார்கள். அந்த விவாதம் இன்னும் ஓடுகிறது. ஆனால் ஓரத்தில் நாம் போட்ட முக்கோண வரிசைக்கு இப்போது கொஞ்சம் மதிப்பு கூடியிருக்கிறது.

நமக்கு இதில் இன்னொரு திருப்பம் உண்டு. எல் நினோ தென்மேற்குப் பருவத்தைக் கெடுத்தாலும், வடகிழக்குப் பருவத்தைப் பெரும்பாலும் கூட்டத்தான் செய்கிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருவது. 2023 ஒரு எல் நினோ வருடம். அந்த ஆகஸ்ட், நாட்டுக்கு 1901க்குப் பின் மிக வறண்ட ஆகஸ்ட். அதே வருடம் டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஊர் ஊராகத் தண்ணீரில் நின்றன. ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு ரயில், பயணிகளோடு இரண்டு நாள் நகர முடியாமல் நின்றது.